விடுதிப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் ஓட்டு வேண்டுமா?

திருவேட்களத்தான் | ஞாயிறு இரவு 9:10

போன வாரம் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் மூன்று பையன்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மூவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை, மூன்றாம் ஆண்டு. பேச்சுவாக்கில், "நீங்க இருக்கிறது எத்தனாவது வார்டு?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன், இதுவும் சிதம்பரம் நகராட்சிதானே என்றான். ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி, அதற்குத் தனித் தலைவர், தனிச் செயல் அலுவலர், தனி வரவு செலவு என்று சொன்னதும் அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

பையன்கள் மேல் தப்பில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் 28 வருடம் விடுதி அலுவலகங்களில் வேலை பார்த்தவன். பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு மெஸ்ஸில் எப்படிச் சேர்வது, காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று எல்லாம் சொல்லியிருக்கிறேன். "உனக்கு இங்கேயே ஓட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது மனதை உறுத்துகிறது.

ஏனென்றால் வழி இருக்கிறது. படிக்கிற இடத்தில் விடுதியிலோ லாட்ஜிலோ தங்கியிருக்கும் மாணவர், சொந்த ஊரில் பெற்றோர் வீட்டு முகவரியிலும் பெயர் சேர்க்கலாம், தங்கியிருக்கும் முகவரியிலும் சேர்க்கலாம். இரண்டில் எது என்பது அவர் விருப்பம். படிப்பு அங்கீகாரம் பெற்றதாக, ஒரு வருடத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இது தேர்தல் ஆணையமே சொல்லியிருப்பது.

நம் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் விடுதிப் பிள்ளைகளில் விருப்பம் உள்ளவர்களை இங்கே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மாரியப்பா நகர் | ஞாயிறு இரவு 10:02

சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

நான் இங்கே வீடு கட்டி 19 வருடம் ஆகிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதற்கு மேல் 100. என் வீடு மூன்றாவது வகையில் வருகிறது. அன்றைக்கு வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் மாடியில் ஓர் அறை கட்டும் எண்ணத்தையே தள்ளிப்போட்டோம். இந்த ஊர் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் எங்கள் கையில் வந்து விழுகிறது, இன்னும் முப்பது வருடத்துக்கு விழும். நான்கு வருடம் இருந்துவிட்டுப் போகிற பிள்ளை, ஐந்து வருடத்துக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பட்டத்தோடு ரயில் ஏறிவிடும். அந்தக் கவுன்சிலரோடு நாங்கள்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் எங்கள் தெருவுக்கு வாருங்கள். கடைசி வருடப் பிள்ளைகள் வாடகை வீட்டைக் காலி செய்யும் சமயம். கிழிந்த மெத்தை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கைப்பிடி போன பக்கெட், மூட்டை மூட்டையாக ஜெராக்ஸ் தாள், எல்லாம் தெருமுனையில் குவியும். போன வருடம் ஒரு மெத்தை இரண்டு நாள் மழையில் நனைந்து கிடந்தது. தூய்மைப் பணியாளர் ஒருவரால் அதைத் தூக்க முடியவில்லை, நானும் எதிர்வீட்டு அம்மாவும் சேர்ந்து தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டோம். ஊரைத் தன் ஊராக நினைக்கிற ஆள் அப்படிப் போட்டுவிட்டுப் போவாரா?

பழைய பேரூராட்சி எழுத்தர் | ஞாயிறு இரவு 10:40

வேறு மாவட்டத்தில் பேரூராட்சிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு விவரத்தை மட்டும் முதலில் வைக்கிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விடுதிகளை நிறுவனக் குடும்பங்கள் என்று தனியாக வகைப்படுத்தி எண்ணுவார்கள். அங்கே வழக்கமாகத் தங்கியிருப்பவர் அந்த ஊர்க் கணக்கில்தான் வருவார். 2011 கணக்கிலும் அப்படித்தான். வார்டு எல்லை வகுப்பதும் மக்கள்தொகையை வைத்துத்தான். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிக்கு வரும் பங்கிலும் மக்கள்தொகை பெரிய அளவுகோல். ஆக, இந்தப் பிள்ளைகள் தலைக்கணக்கில் ஏற்கெனவே ஊர்க்காரர்கள். அவர்கள் பேரில் பணம் வருகிறது. வாக்காளர் பட்டியலில்தான் அவர்கள் இல்லை.

இதனால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், இரண்டு கல்லூரி விடுதிகள் ஒரே வார்டில் இருந்தன. தலைக்கணக்கில் அதுதான் பெரிய வார்டு, ஓட்டுக் கணக்கில் கடைசி. தூய்மைப் பணிக்கு ஆள் பிரிக்கும்போது ஒவ்வொரு கவுன்சிலரும் "என் வார்டில் இத்தனை ஓட்டு" என்றுதான் பேசுவார்கள். விடுதி வார்டுக்காக யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். விடுதிச் சுவருக்கு வெளியே குப்பை மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் எடுப்போம். அந்த அட்டவணையை எழுதியவன் நான்.

மாரியப்பா நகர் | ஞாயிறு இரவு 11:05

எழுத்தர் ஐயா, தலைக்கணக்கு விஷயம் எனக்குப் புதிது. யோசிக்க வேண்டியதுதான். ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குள் சாலை, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்கிறது. விடுதிக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பேரூராட்சியோடு என்ன வேலை?

அதோடு கல்விக்கூடக் கட்டடத்துக்கும் அதைச் சேர்ந்த விடுதிக்கும் சொத்து வரி விலக்கு என்பது பழைய 1920 நகராட்சிச் சட்டக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். வரிப்பணம் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வருகிறது. அதை எப்படிச் செலவழிப்பது என்று விடுதி முடிவு செய்யலாமா? உத்திரமேரூர்க் கல்வெட்டில்கூட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது?

பழைய பேரூராட்சி எழுத்தர் | ஞாயிறு இரவு 11:30

அம்மா, அந்தத் தகுதி வாரிய உறுப்பினராகக் குடவோலையில் பெயர் எழுதப்படுபவருக்கு. வயதும் 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இன்றைக்கு 21 வயதில் கவுன்சிலராகலாம். அந்த அளவுகோலை இப்போது எடுத்தால் உங்களைப் போன்ற பெண்கள் ஒருவரும் உள்ளே வர முடியாது. நம் மாநிலத்திலோ 2016-ல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டமே போட்டாகிவிட்டது.

வரி கட்டுவதற்கும் ஓட்டுக்கும் முடிச்சுப் போடுவதை இந்தியாவில் 1950-லேயே விட்டுவிட்டோம். வாடகைக்குக் குடியிருப்பவர் பெயரில் சொத்து வரி ரசீது வருவதில்லை, அவருக்கு ஓட்டு இருக்கிறது. நீங்கள் வாடகைக்கு விட்டிருந்தால், வரி உயர்ந்ததும் வாடகையையும் உயர்த்தியிருப்பீர்களே?

மாரியப்பா நகர் | ஞாயிறு இரவு 11:34

உயர்த்தினோம். ஐந்நூறு ரூபாய். உண்மையை மறைக்கவில்லை.

கொள்ளிடக்கரை | திங்கள் காலை 6:50

நான் எதிர்ப்புதான், ஆனால் காரணம் வேறு. பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் பயம் எல்லாம் பெரியவர்கள் மேல்.

பேரூராட்சி வார்டுத் தேர்தலை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐம்பது ஓட்டு, முப்பது ஓட்டு, சில இடத்தில் ஒற்றை இலக்கத்தில்கூட வெற்றி தோல்வி முடிவாகிறது. அந்த மாதிரி வார்டில் ஒரே கட்டடத்தில் 200 ஓட்டு இருந்தால் என்ன ஆகும்? வேட்பாளர் 200 பிள்ளைகளைப் பார்க்க மாட்டார். அந்த 200 பேரையும் "பேசி முடிக்க" ஒரே ஒரு ஆளைத் தேடுவார். விடுதியில் சாதி பார்த்து அறை பிடிக்கிற வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தேர்தல் வந்தால் அந்தக் கோடு ஆழமாகும். ஒரு பிரியாணி விருந்து, ஒரு கிரிக்கெட் கிட், ஒரு டி-ஷர்ட். படிக்க வந்த பிள்ளைக்குள் அடிதடி வந்தால் அவன் அப்பா தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ராத்திரி பஸ் பிடித்து ஓடி வர வேண்டும்.

என் தம்பி மகன் வேறொரு ஊரில் மாணவர் சங்கத் தேர்தல் தகராறில் மண்டை உடைந்து ஆறு தையல் போட்டு வீட்டுக்கு வந்தான். தையல் பிரிக்கிற அன்றைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.

திருவேட்களத்தான் | திங்கள் காலை 8:15

கொள்ளிடக்கரை தம்பி, நீங்கள் சொன்னதுதான் இந்த விவாதத்தில் கனமான வாதம். விடுதிக்குள் இருந்தவன் என்ற முறையில் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தெருவில் 200 ஓட்டு இருந்தாலும் வேட்பாளர் அதே மாதிரி "பேசி முடிக்க" ஆள் தேடத்தான் செய்கிறார். அதற்காக அந்தத் தெருவின் ஓட்டைப் பிடுங்கிவிடுவதில்லை.

பிள்ளைகளுக்குப் பேரூராட்சியோடு என்ன வேலை என்று கேட்டீர்கள். வளாக வாசலைத் தாண்டினால் எல்லாமே ஊர்தான். ராத்திரி இட்லி சாப்பிடுகிற தள்ளுவண்டி நிற்கும் இடம், தெருநாய், கொசு மருந்து, லைப்ரரியில் இருந்து தாமதமாகத் திரும்புகிற பெண் பிள்ளைகள் நடந்து வரும் வழி. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு எந்த இடத்தில் கடை போடலாம் என்று பேசும்போது, அங்கே தினமும் சாப்பிடுகிற பிள்ளைகள் சார்பில் பேச ஆளே இல்லை.

அப்புறம் "நான்கு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள்" என்பதைப் பற்றி. நம் திருவேட்களம் கோயிலின் பெருமையே அப்படி வந்து தங்கியவரால் வந்தது. சம்பந்தர் தில்லைக்குள் தங்காமல் இங்கே தங்கி, இங்கிருந்து போய்க் கூத்தனை வழிபட்டு வந்தார் என்பது மரபு. அவர் ஊர் சீர்காழி. அவர் இங்கே தங்கினார் என்பதை இன்றைக்கும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 1965 ஜனவரி 27-ஆம் தேதி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இங்கே துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் இராசேந்திரன் சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை. அவருக்கு இங்கே சிலை வைத்திருக்கிறோம். இந்த ஊர் மண்ணில் உயிர் விட்டவரை வெளியூர்க்காரர் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

2004 சுனாமி சமயம் நான் பணியில் இருந்தேன். 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் மிச்சம் இருந்த பிள்ளைகள் மெஸ்ஸில் இருந்த சாதத்தைப் பொட்டலம் கட்டிக் கடலோரத்தில் கிள்ளைப் பக்கம் எடுத்துப் போனார்கள். வாழை இலை தீர்ந்துபோய்ச் செய்தித்தாளில் கட்டினோம். இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்த ஒரு பையன் சட்டையைக் கழற்றாமலே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் கரூர்க்காரன்.

விடுதிமகள் | திங்கள் மதியம் 1:20

வணக்கம். நான் இங்கே முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மாரியப்பா நகர் அக்கா, அந்த மெத்தை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது நாங்கள் இல்லை, ஆனால் எங்களில் யாரோதான். காலி செய்கிற அன்றைக்கு மதியம் ரயில், காலையில் வீட்டுக்காரரிடம் முன்பணக் கணக்கு, நடுவில் பழைய சாமானை எங்கே கொடுப்பது என்று உண்மையிலேயே தெரியாது. யாரிடம் சொன்னால் வண்டி வரும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்போம்.

ஆனால் ஐயா சொல்கிறபடி எனக்கு இங்கே ஓட்டு வேண்டாம். எனக்கு என் ஊரில் வேண்டும். எங்கள் ஊராட்சிக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது எனக்குப் பதினெட்டு ஆகவில்லை. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, அதன் பிறகு தனி அலுவலர். ஆக, உள்ளாட்சிக்கு நான் இன்னும் ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. முதல் ஓட்டை என் ஆயா நிற்கிற வரிசையில் நின்று போட வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர் ஏரிக்கால்வாயை நூறு நாள் வேலையில் தூர்வாருவது பற்றிக் கிராம சபையில் நான் எழுந்து பேசியிருக்கிறேன். அண்ணாமலை நகர் பேரூராட்சியைப் பற்றிப் பேச எனக்கு அந்த அளவு தெரியாது.

இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ள முடியாது இல்லையா?

பழைய பேரூராட்சி எழுத்தர் | திங்கள் மதியம் 2:05

முடியாதும்மா. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவருக்கு ஒரே இடம்தான். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, யாரும் இதுவரை சொல்லவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு என்று தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தப் பெண் இங்கே கவுன்சிலருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்றால், ஊத்தங்கரையில் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் போடும் ஓட்டையும் சேர்த்து இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். தெருவிளக்குக்காகச் சட்டமன்ற ஓட்டையே இடம் மாற்ற வேண்டியிருக்கிறது.

லீட்ஸ் தமிழன் | திங்கள் மாலை 6:30

இங்கேயே படித்து, இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். எழுத்தர் ஐயா சொன்ன சிக்கலுக்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாணவர் வீட்டு முகவரியிலும் பதியலாம், படிக்கும் ஊர் முகவரியிலும் பதியலாம். இரண்டும் வேறு வேறு உள்ளாட்சி என்றால் இரண்டு இடத்து உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே ஒரு இடத்தில்தான். இங்கே காமன்வெல்த் நாட்டுக்காரர் என்ற முறையில் இந்திய மாணவர்களுக்கும் ஓட்டு உண்டு. நான் வந்த முதல் வருடம் மே மாதம் கவுன்சில் தேர்தலில் போட்டேன். அண்ணாமலை நகரில் ஐந்து வருடம் இருந்தும் போடாதவன், லீட்ஸில் எட்டாவது மாதம் போட்டேன். அன்றைக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன விஷயம். நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மத் கல்லூரி இருக்கும் ஹானோவர் சின்ன ஊர். படித்து முடித்ததும் போய்விடுவேன் என்று சொன்ன மாணவருக்கு அங்கே பதிவு மறுத்தார்கள். 1972-ல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. டெக்ஸாஸில் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்களுக்குத் தனியாகக் கேள்வித்தாள் கொடுத்து, இங்கே சொத்து இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். 1979-ல் உச்ச நீதிமன்றத்தில் அதுவும் தோற்றது. "போகப் போகிறவர்" என்ற வாதம் எல்லா நாட்டுக் கல்லூரி ஊரிலும் எழுந்திருக்கிறது.

மாரியப்பா நகர் | திங்கள் இரவு 8:45

தம்பி, அங்கே கேள்வித்தாள் கொடுத்து ஆட்களைப் பிரித்தது அநியாயம். நான் யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்றால் சேரட்டும். கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்துப் பட்டியலை நிரப்ப வேண்டாம் என்கிறேன். தானாக விரும்பி வருகிற பிள்ளை வேறு, கணக்குக்காகச் சேர்க்கப்படுகிற பிள்ளை வேறு.

அந்த ஊத்தங்கரைப் பெண் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. தன் ஊர் ஏரிக்காகப் பேசுகிற பிள்ளை. அந்த ஓட்டை இங்கே மாற்றச் சொல்வது அவளுக்கும் நஷ்டம், அவள் ஊருக்கும் நஷ்டம்.

திருவேட்களத்தான் | திங்கள் இரவு 9:30

அந்தப் பெண் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஊரோடு ஒட்டுதல் உள்ள பிள்ளை ஊரிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் ஊர் இருப்பதில்லை. அப்பாவுக்கு மாற்றல் வேலை, வீடு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். இன்னும் சிலர் பெற்றோரே இல்லாமல் உதவித்தொகையில் படிக்கிறவர்கள், லீவு விட்டால் போக வீடு இல்லாமல் விடுதியிலேயே இருப்பார்கள். தீபாவளி அன்றைக்கு மெஸ் மூடியிருக்கும்போது அவர்களுக்கு என் வீட்டில் இருந்து இட்லி போகும். ஆராய்ச்சி மாணவர்களோ ஆறு ஏழு வருடம் இங்கே இருக்கிறார்கள், கல்யாணம் ஆகிக் குழந்தையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்களும் உண்டு. கவுன்சிலரின் பதவிக்காலத்தைவிட அவர்கள் இருக்கும் காலம் அதிகம். அவர்களுக்கு இது வேண்டும்.

ஐந்து வருடம் பெரிய காலம் என்று சொல்கிறோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரை நமக்கு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2016-ல் முதலாண்டு சேர்ந்த பிள்ளை இளங்கலை, முதுகலை இரண்டையும் முடித்துவிட்டுப் போயே போய்விட்டது. அத்தனை நாளும் நமக்கும் கவுன்சிலர் இல்லை. அப்போது வரி கட்டிய நாமும் ஓட்டில்லாத விடுதிப் பிள்ளையும் ஒரே நிலையில்தான் இருந்தோம். அந்த ஐந்து வருடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு எப்போதுமே அப்படித்தான்.

கொள்ளிடக்கரை | செவ்வாய் காலை 6:40

அய்யா கடைசியாக எழுதியது ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. ஆராய்ச்சி மாணவர்கள், குடும்பத்தோடு இருப்பவர்கள் சேரட்டும், எனக்கு மறுப்பு இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளை மொத்தமாகச் சேர்ப்பதில் நான் இன்னும் எதிர்ப்புதான். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஓட்டு இல்லாமலே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. ஆனித் திருமஞ்சனத் தேர், மார்கழி ஆருத்ரா என்றால் நான்கு வீதியிலும் கூட்டம் நெரியும். வடம் பிடிக்க விடுதிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு வீதியைப் பார்த்திருக்கிறீர்களா? அறுந்த செருப்பு, தண்ணீர் பாக்கெட், மோர்ப்பந்தல் டம்ளர், மண்ணோடு மிதிபட்ட வாழைப்பழம். விடிவதற்குள் தூய்மைப் பணியாளர்கள் முடித்தாக வேண்டும். அங்கே நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் ஐம்பது பேர் இரண்டு மணி நேரம் நின்றால் அந்த அம்மாக்கள் ஒரு வேளையாவது நேரத்துக்குச் சாப்பிடுவார்கள். 1981-லிருந்து நடக்கிற நாட்டியாஞ்சலிக்கும் இதே ஏற்பாடு செய்யலாம். ஊர் வேலையில் கை வைத்த பிள்ளையை ஊர் தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

விடுதிமகள் | செவ்வாய் காலை 10:10

அண்ணா, வேலைக்கு மட்டும் கூப்பிடுகிறீர்கள், பேசுவதற்கும் கூப்பிடுங்கள். பெருக்கத் தயார். எங்கே குப்பைத் தொட்டி வைக்க வேண்டும் என்று சொல்லவும் ஓர் இடம் வேண்டும்.

பழைய பேரூராட்சி எழுத்தர் | செவ்வாய் காலை 11:00

சரியான கேள்வி. 2022-ல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பல ஊர்களில் முதல் பகுதி சபா கூட்டம் நடந்தது. வார்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து அங்கங்கே மக்கள் கூடிப் பேசுவது, கிராம சபை மாதிரி. ஆனால் கிராம சபை போலவே இதுவும் வாக்காளர் பட்டியலை வைத்துத்தான். அதனால்தான் ஓட்டுக்கு இவ்வளவு மதிப்பு. பட்டியலில் பெயர் இருக்கிற பத்து ஆராய்ச்சி மாணவர்கள் பகுதி சபாவில் உட்கார்ந்தால், பெயர் இல்லாத ஆயிரம் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பேசலாம். திருவேட்களத்தான் ஐயாவும் கொள்ளிடக்கரைத் தம்பியும் சொல்வது அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகிறது.

மாரியப்பா நகர் | செவ்வாய் மதியம் 12:25

பகுதி சபாவுக்கு நான் இதுவரை போனதில்லை. பட்டியலில் பெயர் இருந்தும் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். காலி செய்யும் சமயத்தில், ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும், பழைய சாமான் எடுக்க ஒரு வண்டி நாள் குறித்து விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஊத்தங்கரைத் தங்கச்சி, உன் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா. உனக்குப் பேச உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் உன் கேள்வியை நான் கேட்கிறேன்.

மற்றபடி பிள்ளைகளைத் திரட்டிச் சேர்ப்பதற்கு நான் எதிர்ப்புதான் சார், அதில் மாற்றம் இல்லை.

திருவேட்களத்தான் | செவ்வாய் மதியம் 1:00

இருக்கட்டும்மா. எதிர்த்துக்கொண்டே கூட வாருங்கள்.

விடுதிமகள் | செவ்வாய் மாலை 5:50

வருகிறேன் அக்கா. எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்கிற ஓர் அக்கா, ஐந்தாவது வருடம், சேர விரும்புகிறார். அவர் பெயர் திண்டுக்கல் பக்கம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. புதிதாகப் படிவம் 6 போட வேண்டுமா? இன்னொரு தோழிக்கு இதுவரை எங்கேயும் பெயர் இல்லை, அக்டோபருக்கு முன்பே பதினெட்டு முடிந்துவிட்டது. விடுதி முகவரி என்றால் அறை எண்ணையும் எழுத வேண்டுமா?

பழைய பேரூராட்சி எழுத்தர் | செவ்வாய் மாலை 6:20

ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8, முகவரி மாற்றம் என்று குறிக்க வேண்டும். அதிலேயே பழைய இடத்துப் பெயர் நீங்கிவிடும். பெயரே இல்லாதவருக்குப் படிவம் 6. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஒன்றாம் தேதி நான்கையும் தகுதி நாளாக வைத்திருக்கிறார்கள், ஆகவே அக்டோபர் 1-க்கு அந்தப் பெண் தகுதி. அறை எண்ணையும் விடுதிப் பெயரையும் எழுதுங்கள், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து விசாரிக்கும்போது ஆள் கிடைக்க வேண்டும். இரண்டு பேருக்குமே இங்கே படிப்பதாகப் பதிவாளரோ புல முதல்வரோ (டீன்) கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும்.

திருவேட்களத்தான் | செவ்வாய் மாலை 6:32

சான்றுக்கு மதியத்துக்கு முன்பே போங்கள், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூட்டம் அதிகமாக இருக்கும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாசல் பக்கத்தில் நிற்கிறேன். கறுப்பு மை பேனா இரண்டு கொண்டு வருகிறேன், நீங்கள் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.